எந்தத் தலைப்பில்

மார்ச் வந்தால் எங்கள் பேரூராட்சியில்
மின்விசிறிக்கும் கோப்புக்கும் ஒரே சத்தம்.
"பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கோணுமுங்க மேடம்,
ஈஓ கையெழுத்து மட்டும் வாங்கிக் குடுத்துருங்க"
கோயமுத்தூரிலிருந்து வந்த பையன்,
பைக்குள் இரண்டு பேனா,
புழுதி ஏறாத ஷூ.

நான் கையெழுத்து வாங்கவில்லை.
எண்ண ஆரம்பித்தேன்.

காசு கட்டுவது நாற்பது இருக்கைக்கு.
நாற்காலி பதினொன்று,
அதில் ஒன்றுக்குக் கால் மூன்று.
பயனர் பட்டியலை இறக்கினால்
மாற்றலாகி அந்தியூர் போனவர்,
ஓய்வு பெற்று ஆடு வாங்கி விற்பவர்,
பதினேழாவது வரியில்
வரித் தண்டலர் தெய்வசிகாமணி.

அவர் போய் மூன்று வருசமாச்சு.
வீட்டு எண் கேட்டால்
அந்த வீட்டு நாயின் பெயரையும் சேர்த்துச் சொல்கிற ஆள்.
அவருக்கு மாதம் எழுநூற்று எண்பது ரூபாய்
இன்னமும் கட்டிக்கொண்டிருக்கிறது ஊர்.
'உங்கள் கடவுச்சொல் காலாவதியாகிறது' என்று
தவறாமல் அவருக்கு எச்சரிக்கையும் போகிறது.

முப்பத்தாறு மாதம், இருபத்தெட்டாயிரத்து எண்பது.
கிழக்கு வீதி போர் மோட்டாருக்குக்
காயில் கட்டியிருக்கலாம்.

'நீக்கவா? இதைத் திரும்பப் பெற முடியாது'
என்றது திரை.
தெரியுமுங்க.

அப்புறம்தான் எனக்கு ஆசை வந்தது.
பக்கத்துப் பக்கத்து மூன்று ஊருக்கு
எதற்கு மூன்று சர்வர், மூன்று ஏசி, மூன்று பேட்டரி?
வாய்க்கால் தண்ணிக்கு முறை வைத்துப் பாய்கிற நாடு இது,
இதையும் பொதுவில் வைத்தால் என்ன என்றேன்.
செயல் அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"தண்ணிக்கே வெட்டுக்குத்து நடந்திருக்குதுங்களே, அம்மிணி."

ஆக, டெண்டர்.
குறைந்த விலைக்காரருக்கே என்பது விதி.
கண்ணபுரம் சந்தையில்
துண்டுக்கடியில் விரல் பிடிக்கிறவர்கூட
முதலில் பல்லைப் பார்ப்பார்,
சுழியைப் பார்ப்பார்,
நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார்.
நாங்கள் உறையைக் கிழித்தோம்,
எண்ணை மட்டும் பார்த்தோம்.

மிச்சம் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.
கூட்டத்தில் என் பெயரைச் சொன்னார்கள்,
முறுக்கும் டீயும் வந்தது.

ஜூன் மாதம் வள்ளிநாயகி வந்தாள்.
நூற்பாலையில் ராத்திரி ஷிப்டு முடித்து நேராக,
புருவத்தில் பஞ்சோடு.
குடிநீர் இணைப்பைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும்.
முதல் நாள் சர்வர் இல்லை.
இரண்டாம் நாள் சர்வர் இருந்தது, அவள் வீடு இல்லை.
பழைய எண் பதினாலு, புது எண் இருபத்திரண்டு,
புது மென்பொருளுக்கு இரண்டும் தெரியவில்லை.

"பஸ்ஸுச் செலவாச்சும் மிச்சங்களா?" என்று கேட்டுவைத்தேன்.
"பஸ்ஸு ஓசிதானுங்க,
தூக்கம் ஓசியில்லீங்களே" என்றாள்.
கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு,
எதற்கென்று தெரியாமல்,
தெய்வசிகாமணியின் மேசை இழுப்பறையை இழுத்தேன்.
அட்டை கிழிந்த நீள நோட்டு.
எழுதுபொருள் தலைப்பில் நாற்பத்தைந்து ரூபாய்
என்று எப்போதோ நான் பதிந்தது.
பச்சை மையில், சாய்ந்த எழுத்தில்:
'14. பிறகு 22. கிணற்றுச் சந்து.
மகள் மில் வேலை, பகலில் தட்ட வேண்டாம்.
நாய்: மணி. கடிக்காது, குரைக்கும்.'

தட்டச்சு செய்தேன். வீடு வந்தது.
ரசீது சூடாக வெளியே வந்தது.
வள்ளிநாயகி
பெஞ்சில் சுவரோடு சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள்,
ஆதார் நகலைக் கையில் பிடித்தபடி.

எழுப்பவில்லை.
செலவின அறிக்கையை எடுத்து
மிச்சம் என்ற கட்டத்துக்கு எதிரே,
எந்தத் தலைப்பில் என்று தெரியாததால் பென்சிலால்,
'கழிக்க: மூன்று தூக்கம்' என்று எழுதினேன்.
பெஞ்சை இன்னொரு முறை பார்த்துவிட்டு
இரண்டே முக்கால் என்று திருத்தினேன்.